சுவருக்குள் ஈதர்

சென்ற மாதம் என் வீட்டில் கம்பி இழுக்க ஓர் இளைஞர் வந்தார். சுவரை அளந்தார், காகிதத்தில் கோடு போட்டார். "நடுவிலே ஸ்விட்ச் பெட்டி, ஸார். அங்கேயிருந்து ஒவ்வொரு அறைக்கும் தனிக் கம்பி. 100 மீட்டரைத் தாண்டக் கூடாது" என்றார்.

"இந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர்?"

"ஈதர்நெட், ஸார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈதர் செத்துப்போன சங்கதியல்லவா? ஒளி அலைகளைச் சுமப்பதாகப் பழைய விஞ்ஞானிகள் நம்பிய வஸ்து அது. 1887-ல் மைக்கல்ஸனும் மார்லியும் வலை போட்டுத் தேடினார்கள், அகப்படவில்லை. அது என் வீட்டுச் சுவருக்குள் எப்படி வந்தது?

கதை ஒரு தோல்வியில் ஆரம்பமாகிறது. 1972-ல் ராபர்ட் மெட்காஃப் என்ற வாலிபர் டாக்டர் பட்டத்துக்காக எழுதிய ஆராய்ச்சியை ஹார்வர்டு சர்வகலாசாலை நிராகரித்துவிட்டது. கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு உத்தியோகம் மட்டும் இருந்தது. அச்சமயம் நார்மன் ஆப்ராம்ஸன் எழுதிய கட்டுரையொன்று அவர் கையில் சிக்கியது. ஹவாய்த் தீவுகளை ரேடியோவால் இணைத்த 'அலோஹா' என்ற ஏற்பாட்டைப் பற்றியது அது. அங்கே யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. செய்தியை வீசவேண்டியது, இன்னொன்றோடு மோதி அழிந்தால், சற்றுப் பொறுத்து மறுபடியும் வீசவேண்டியது. ஆனால், இப்படி நடந்தால் பாதையில் நூற்றுக்கு 18 பங்குக்குமேல் பயன் தேறாது.

மெட்காஃப் இதைச் செப்பனிட்டார். அந்த ஆராய்ச்சியே அடுத்த வருஷம் அவருக்குப் பட்டமும் வாங்கித் தந்தது. 1973 மே 22-ந் தேதி எழுதிய குறிப்பில், எல்லா யந்திரங்களின் பேச்சையும் சுமக்கும் பொதுவழிக்கு 'ஈதர்' என்று பெயரிட்டார். டேவிட் பாக்ஸ் என்பவர் கூட இருந்து கட்டினார். ஆகாயத்துக்குப் பதில் ஒரே நீளக் கம்பி. அதில் பல யந்திரங்கள். அதிகாரம் செய்யத் தலைவர் கிடையாது. பேசுமுன் கேள், பிறர் பேசினால் பொறு, இருவர் சேர்ந்து வாய் திறந்தால் இருவரும் நிறுத்து, மறுபடி மோதினால் இன்னும் அதிகம் பொறு. நம் கூட்டுக் குடும்பத்துக் கூடத்தில் எழுதிவைக்கவேண்டிய சட்டம்!

1980-ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்று கம்பெனிகளும் சேர்ந்து இதைப் பொதுவிதியாக வெளியிட்டன. 1990-ல் 'கல்பனா' என்ற கம்பெனி ஸ்விட்சைக் கொண்டு வந்தது. பிறகு அவரவருக்குத் தனிக் கம்பி. மோதலும் இல்லை, பொறுமைக்கும் வேலையில்லை. ஈதர் இரண்டாம் தடவையும் செத்தது, பெயர்தான் மிஞ்சியது.

இளைஞர் வேலையை முடித்துவிட்டுப் போனார். அன்றிரவு வீட்டில் மூன்று அறைகளிலும் கதவு சாத்தியிருந்தது. கம்பிகளில் ஒரு மோதலும் இல்லை. கூடத்தில் நான் மட்டும், யாராவது குறுக்கே பேசமாட்டார்களா என்று காத்திருந்தேன்.