உடலுரம் வளர்ந்த வரலாறு

மெலிந்தவன் எடை கூடவும் தளர்ந்தவன் உரம் பெறவும் விரும்புதல் மாந்தர் இயல்பு. இவ்விருப்பம் மிகப் பழையது. சில கிழமைகளில் அதனைப் பெற்றுவிட வேண்டும் என்னும் அவசரமே புதியது. அந்த அவசரம் எத்துணைப் பொருந்தாதது என்பதைக் கல்முனைக் கரையின் பழைய வாழ்வும் அறிவியலின் அண்மை வரலாறும் ஒருங்கே உணர்த்துகின்றன.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என வடக்கிலிருந்து தெற்காக நிரலாய் அமைந்தவை இக்கரையின் முஸ்லிம் ஊர்கள். கிழக்கே கடல்; மேற்கே பரந்த வயல். மீன்பிடித்தலும் வேளாண்மையும் இங்கு வாழ்ந்தோரை வளர்த்த தொழில்கள். அவற்றுள் கரைவலை இழுப்பு ஒரு பெரும் உடற்பயிற்சியே ஆகும். தோணி வளைத்துவிட்ட வலையின் இரு தலைக் கயிறுகளையும் கரையில் நிற்போர் இரு அணியாய்ப் பற்றி, மணலிற் கால் ஊன்றி, உடலைப் பின்சாய்த்து இழுப்பர். காலும் முதுகும் தோளும் ஒருங்கே உழைக்கும். வயலில் நெல்மூட்டை சுமந்தவர்க்கும் இஃதே நிலை. தொழில் பழகப் பழகத் தசை உரம் பெற்றது. உரம் பெறப் பெறச் சுமையும் கூடிற்று.

தொழிலுக்குப் புறம்பே கலையும் உடலை வளர்த்தது. சீனடி, சிலம்படி என்னும் தற்காப்புக் கலைகள் கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே நெடுங்காலம் போற்றப்பட்டு வந்தவை. திருமண வீடுகளிலும் விழாக்களிலும் அவை ஆடிக் காட்டப்பட்டன. சிலம்பம் கற்போன் முதலிற் பழகுவது நிற்கும் நிலையும் கால் பெயர்க்கும் முறையுமே. கம்பின் வீச்சு அதன் பின்னரே வரும். படி தாண்டிப் போக இக்கலை இடந்தருவதில்லை.

ஆயினும் உழைப்பு மட்டும் உடலை வளர்த்துவிடவில்லை. மேற்கே வயலையும் காட்டையும் நாடிச் சென்றோரை மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. விட்டுவிட்டு வந்த காய்ச்சல் குருதியைக் குன்றச் செய்தது. மண்ணீரலை வீங்கச் செய்தது. உண்ட சோறு உடலில் ஒட்டாமற் போயிற்று. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய பெருந்தொற்றில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1946 ஆம் ஆண்டு முதல் டி.டி.டி. பூச்சிகொல்லி நாடெங்கும் தெளிக்கப்பட்டது. 1963 ஆம் ஆண்டில் நோயுற்றோர் தொகை வெறும் 17 ஆயிற்று. பின்னர் நோய் மீண்டும் தலைதூக்கியபோதிலும், 2016 ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

நோய் தணிந்த காலத்திலேயே உணவும் பெருகிற்று. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் பட்டிப்பளையாறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டு நெல்விளையும் நிலம் விரிந்தது. அத்திட்டத்தின் குடியேற்றங்கள் எழுப்பிய நிலப்பிணக்குத் தனியே பேசத்தக்கது.

பட்டினியால் மெலிந்த உடல் மீள எத்துணைக் காலம் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்திற் கிடைத்தது. போரினாற் பட்டினியுற்ற ஐரோப்பிய மக்களை மீட்கும் வழியறிய விரும்பிய அன்சல் கீஸ் என்னும் அறிஞர், ஆயுதமேந்த மறுத்த இளைஞர் 36 பேருடன் 1944 நவம்பரில் ஆய்வைத் தொடங்கினார். அவர்கள் 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தனர். எடையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்தது. பின்னர் 12 வாரம் உணவு படிப்படியாய்க் கூட்டப்பட்டது. விற்றமினும் மிகைப்புரதமும் மட்டும் அவர்களைத் தேற்றவில்லை. போதிய மொத்த உணவே தேற்றிற்று. கட்டுப்பாடு நீங்கியதும் அவர்கள் மிகுதியாக உண்டபோது கொழுப்பு முந்தித் திரும்பிற்று. தசை பிந்தியே திரும்பிற்று. தராசு காட்டும் எடை வேறு, தசையின் வளர்ச்சி வேறு என்பது இதனால் தெளிவாயிற்று.

அக்காலத்திலேயே அமெரிக்க இராணுவ மருத்துவர் தோமஸ் டிலோம், காயமுற்றுத் தசை மெலிந்த படைவீரர்க்குப் பாரந்தூக்கும் பயிற்சி அளித்தார். ஒருவர் பத்துமுறை தூக்கவல்ல பாரத்தை அளவாகக் கொண்டு, வலிமை கூடுந்தோறும் பாரத்தையும் கூட்டுவது அவர் முறை. 1945 இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். நாள்தோறும் கன்றைச் சுமந்து, அது காளையான பின்பும் சுமந்த கிரேக்க மல்லன் மைலோவின் பழங்கதைக்கு மருத்துவமனையிற் கிடைத்த விளக்கம் எனலாம்.

இன்றைய மருத்துவ அறிவு கூறுவதும் இதுவே. நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி மிகுதியாக உண்டு, வாரத்திற் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை எடை கூடுதல் நன்று. பெருந்தசைகளுக்கு வாரத்தில் இரண்டு நாளேனும் பயிற்சி வேண்டும். 2018 இல் 49 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேற்பட்ட புரதம் தசைக்கு மேலும் பயன் தரவில்லை எனக் கண்டனர். 60 கிலோ எடையுள்ளவர்க்கு அது 96 கிராம். நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராமும், முட்டை ஒன்றில் 6 கிராமும் புரதம் உண்டு. சோறு, மீன், பருப்பு, எருமைத் தயிர் எனும் இக்கரையின் உணவில் அதற்கு வழியுண்டு. காரணமின்றி மெலிபவர் முதலில் மருத்துவரை நாடவேண்டும். நீரிழிவோ காசநோயோ உள்ளிருந்து உடலை அரிக்கும்போது எவ்வுணவும் ஒட்டாது என்பது மலேரியாக் காலம் கற்பித்த பாடம்.

விரைந்து தசை பெருக்குவதற்கென மருத்துவர் அறியாது ஏற்றப்படும் இயக்குநீர் மருந்துகள் இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். ஆண்மக்களின் மகப்பேற்று வன்மையையும் குறைக்கும். பெரும்போகத்து நெல்லை உரமிட்டு ஊட்டலாம். ஒரு வாரத்திற் கதிர் ஈனச் செய்ய எவராலும் இயலாது. வேளாண்மை அறிந்த மக்களுக்கு இவ்வுண்மையை வேறொருவர் கூறவேண்டுவதில்லை.