யூபிலியும் மணலில் எழுதிய எழுத்தும்



காணை வட்டாரத்திலும் விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலும் திருச்சபைத் தொடக்கப்பள்ளிகள் யூபிலி கொண்டாடுகையில் நாம் தோரணம் கட்டுகிறோம், மலர் வெளியிடுகிறோம், ஸ்தாபகர்களை நினைவுகூருகிறோம். நல்லதுதான். ஆயினும் லேவியராகமம் 25ஆம் அதிகாரம் கூறும் யூபிலி வெறும் விழாவன்று. 50ஆம் ஆண்டில் இழந்த நிலம் உரியவனிடம் திரும்பிற்று. அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்பினான்.

இதை மனதில் கொண்டு தரங்கம்பாடியை எண்ணிப் பாருங்கள். 1706 ஜூலை 9 அன்று அங்கே கரையிறங்கிய சீகன்பால்கு ஐயர் முதலில் கற்பிக்கவில்லை, கற்றார். முதிய வாத்தியார் ஒருவரைத் தம் இல்லத்திலேயே திண்ணைப் பள்ளியை நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் அகரம் எழுதினார். இறையியல் கல்லூரியில் நான் பெற்ற பட்டத்தைவிட இக்காட்சியே எனக்கு அதிகம் போதித்திருக்கிறது. 1707இல் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி எழுந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தோடு உணவும் அளிக்கப்பட்டது. விசுவாசி வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தபோது, அதை வாசிக்கக் கற்ற பிள்ளைகள் இருந்தார்கள்.

ஆனால் எல்லாரும் ஒரே பாயில் அமர்ந்தார்களா? இக்கேள்வியை நம் வரலாறு நெடுங்காலம் தள்ளிப்போட்டது. ஆலயத்திலேயே சாதிக்கொரு பக்கம் இருந்தது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் ஐயர் இதைச் சகிக்க மறுத்து அம்மிஷனை விட்டு வெளியேறினார். மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியாவை அமைத்தார். 1860களில் டேனிஷ் மிஷனோடு இணைந்தார். ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் அங்கேதான். நம் மாவட்டத்துக்கு அருகிலேயே நடந்த இதனை விழா மலர்கள் ஏனோ ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

இப்போது என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சபைப் பள்ளியில் இலவசமாகப் படித்தவன். என் பிள்ளைகளையோ ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பினேன். உங்களில் பலரும் அவ்வாறே செய்தீர்கள். இன்று நம் பள்ளிகளின் முதல் வகுப்பில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் கூலி வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகள். 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது; திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் பள்ளியில் அது தொடங்கிற்று. தரங்கம்பாடியில் அன்று மிஷன் இட்ட சோற்றை இன்று அரசு இடுகிறது. எனில் நாம் இடுவது என்ன?

யூபிலிக் காணிக்கையை நுழைவாயில் வளைவுக்குச் செலவிடலாமென்று சிலர் என்னிடம் கூறினர். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு மாலைதோறும் ஒரு மணி நேரம் அமர்ந்து கற்பிக்க ஆள் வேண்டுமென்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். திங்களும் வியாழனும் நான் வருகிறேன். மற்ற நாள்களுக்குப் பெயர் கொடுப்போர் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைச் சந்தியுங்கள்.