குழாய் வழியே ஏறிய கிருமி

சிறுநீர் அடைத்துக்கொண்டால் குழாய் விட்டு எடுப்பது மிகப் பழைய வைத்தியம். 1752-ல் பெஞ்சமின் பிராங்க்ளின், கல்லடைப்பால் தவித்த அண்ணன் ஜானுக்காக வளையக்கூடிய வெள்ளிக் குழாய் ஒன்றைச் செய்வித்து அனுப்பினார். (இடிதாங்கி கண்டுபிடித்த அதே பிராங்க்ளின் தான்!)

நாள்கணக்கில் உள்ளேயே தங்கும் குழாய் பரவலானது 1930-களுக்குப் பிறகு. அமெரிக்க மருத்துவர் பிரடெரிக் ஃபோலி, நுனியில் சிறு பலூன் வைத்த ரப்பர் குழாயை வடிவமைத்தார். உள்ளே போனதும் பலூனில் நீர் ஏற்றிவிட்டால் குழாய் நழுவாது. காப்புரிமை என்னவோ வேறொருவருக்குப் போனது, பெயர் மட்டும் ஃபோலிக்கு நின்றது.

வசதி வந்தது, கூடவே வில்லங்கமும் வந்தது. குழாயின் மறுமுனை கட்டிலுக்கடியில் இருந்த திறந்த பாட்டிலில் தொங்கியது. பாட்டிலில் பெருகிய கிருமிகள் குழாய் வழியே மேலேறின. இப்படித் திறந்த முறையில் குழாய் வைத்தால் நான்கே நாளில் ஏறக்குறைய எல்லா நோயாளிகளின் சிறுநீரிலும் கிருமி இருக்கும் என்று 1950-களில் பாஸ்டனின் எட்வர்ட் காஸ் காட்டினார். 1958-ல் பால் பீசன் 'கதீட்டருக்கு எதிரான வழக்கு' என்ற தலைப்பிலேயே ஒரு தலையங்கம் எழுதினார். தேவையில்லாமல் குழாய் போடாதீர்கள் என்பதே அதன் சாரம்.

வேடிக்கை என்னவென்றால், தீர்வு அதற்கு முன்பே இருந்தது. 1928-லேயே லண்டனில் கத்பர்ட் டியூக்ஸ், காற்றுப் படாத மூடிய வடிகால் முறையை விவரித்திருந்தார். அது வார்டுகளில் வழக்கமாக ஏறக்குறைய 40 ஆண்டுகள் பிடித்தன. 1966-ல் கால்வின் குனினும் மெக்கார்மக்கும் மூடிய முறையின் பலனை நிரூபித்துக் கட்டுரை வெளியிட்ட பிறகே மருத்துவமனைகள் அசைந்தன. இணைப்பைக் கழற்றாதே, பையைச் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்கவிடு, தரையில் படவிடாதே: இன்றும் நர்சுகள் பின்பற்றும் விதிகள் இவை தான்.

ஆனால் மூடிய முறை தொற்றைத் தள்ளிப்போடும், ஒழிக்காது. குழாயின் மேல் கிருமிகள் வழவழப்பான படலம் கட்டிக்கொள்கின்றன. அதற்குள் ஆன்டிபயாடிக் சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே குழாயைச் சீக்கிரம் எடுப்பதே மருந்து. எடுக்கச் சொல்ல வேண்டியவர்கள்? 2000-ல் சஞ்சய் செயிண்ட் குழுவினர் 4 அமெரிக்க மருத்துவமனைகளில் விசாரித்தபோது, தங்கள் நோயாளிக்குக் குழாய் இருப்பதே 28 சதவீத மருத்துவர்களுக்குத் தெரியவில்லை!

2008 அக்டோபரில் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, மருத்துவமனையில் வந்த இத்தொற்றுக்குக் கூடுதல் பணம் தருவதை நிறுத்தியது. குழாய் தேவையா என்று நர்சுகள் தினமும் கேட்கும் வழக்கமும் பரவியது. 2016-ல் வெளியான, 603 மருத்துவமனைகளைப் பற்றிய ஆய்வில் சாதாரண வார்டுகளில் தொற்று 32 சதவீதம் குறைந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை. மணிக்கு மணி சிறுநீரை அளக்கும் இடத்தில் குழாயை எடுக்க யாருக்கும் எளிதில் மனம் வருவதில்லை.