எதிரியின் ஏட்டில் எஞ்சிய குரல்

மும்பை மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜம் என்ற பெயரிலேயே ஒரு கோயில் இருக்கிறது. அங்கிருந்து வெகு தொலைவில்லாத தாராவியில் பெரியார் பெயரைச் சொல்லி வளர்ந்த தமிழர்களும் இருக்கிறார்கள். இறைமறுப்பு மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு என்று ஒரு சாரார் சொல்வதுண்டு. அது தமிழருக்குச் சுயமரியாதை இயக்கம்தான் முதன்முதலில் தந்தது என்று மறுசாராரில் சிலர் எண்ணுவதும் உண்டு. இரண்டும் சரியல்ல. சென்னை இலௌகிக சங்கத்தார் 1882-இலேயே ‘தத்துவ விவேசினி’ நடத்தினார்கள் என்பது ஒருபுறமிருக்க, கடவுளையும் மறுபிறப்பையும் ஐயுறும் குரல் நம் பழந்தமிழ்க் காப்பியத்திலேயே கேட்கிறது. ஆனால் அது ஐயுற்றவன் எழுதி வைத்த ஏடன்று. அவனை மறுக்க வந்தவர் எழுதியது.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. எத்தியோப்பியரின் தெய்வம் கறுப்பாகவும் திரேசியரின் தெய்வம் செம்முடியோடும் இருப்பதைச் சுட்டி, மாட்டுக்குக் கை இருந்தால் அது வரையும் கடவுளும் மாடாகவே இருக்கும் என்று கேலி செய்தார் கிரேக்கச் சிந்தனையாளர் செனோபனீஸ். அந்த வரிகளை நமக்குக் காத்துத் தந்தவர் அலெக்சாந்திரியாவின் கிளெமென்ட் என்னும் கிறித்தவர். தெய்வங்கள் உண்டா இல்லையா என்று தம்மால் அறிய இயலவில்லை என்று தொடங்கிய புரோடகோரஸின் நூல் அழிந்துபோனது. அதன் தொடக்கம் பிறர் எடுத்தாண்டதால் தப்பியது. நம் காப்பியத்தில் ஐயுறும் குரலாக வரும் பூதவாதிக்கும் தனி நூலென்று எதுவும் நமக்குக் கிட்டவில்லை.

‘மணிமேகலை’யின் இருபத்தேழாவது காதையில், ஆண் துறவி வேடத்தில் வஞ்சி மாநகரில் இருக்கும் மணிமேகலை சமயக் கணக்கர் பலரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியாக வருபவன் பூதவாதி. ஆத்திப்பூவும் கருப்புக்கட்டியும் பிறவும் கூடியபோது கள்ளின் களிப்பு பிறப்பதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு தோன்றும். அவை பிரிந்தால் பறையின் ஓசைபோல அது அடங்கிவிடும் என்கிறான். கண்ணால் காணும் காட்சி ஒன்றே அளவை, அதாவது அறியும் வழி; மறுமையில் வினைப்பயன் துய்ப்பது பொய் என்பதும் அவன் முடிவு.

மறுக்க வந்தவர் எழுதியதை எப்படி நம்புவது, தோற்கடிக்க வசதியாகச் செய்து நிறுத்திய வைக்கோல் பொம்மையாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பொம்மைக்கு உட்கட்சி வேறுபாடு எதற்கு? இவனோ இன்னொரு உலகியல் கொள்கையான உலோகாயதத்தோடு தான் எங்கே ஒட்டுகிறான், எங்கே விலகுகிறான் என்று பிரித்துச் சொல்கிறான். அதைவிட வலுவான சான்று இன்னொன்று. முற்பிறப்பை அறிந்தவரை நீ கண்டதில்லையோ என்று மணிமேகலை நகைக்கும்போது, அதெல்லாம் தெய்வ மயக்கமும் கனவும் போல மனம் திரிந்த நிலையே என்று பதில் சொல்கிறான். முற்பிறப்பை உணர்ந்தவள் காப்பியத் தலைவியே. அவள் கதையின் அடித்தளத்தையே அசைக்கும் அந்தப் பதிலை, காப்பியத்தை இயற்றிய சாத்தனார் தணிக்கை செய்யவில்லை. பௌத்தப் புலவரின் இந்த நேர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

கள் உவமை வடமொழியிலும் வழங்குவது, ஆகவே இது இரவல் வாதம் என்பார் உண்டு. உவமை இரவலாக இருக்கலாம். ஆனால் ‘நீலகேசி’யின் பூதவாதச் சருக்கமும், உலோகாயதனையே முதல் எதிரியாக நிறுத்தும் ‘சிவஞான சித்தியார்’ பரபக்கமும் அந்த வாதம் தமிழில் தொடர்ந்து பேசப்பட்டதைக் காட்டுகின்றன. இதை வைத்துத் தமிழகத்தில் பூதவாதிகள் திரளாக வாழ்ந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். செத்துப்போன கட்சியையும் விடாமல் மறுப்பது சாத்திரக்காரர் வழக்கம். சித்தர் சிவவாக்கியரையும் இந்தக் கணக்கில் சேர்க்க ஆசைப்படுவோர் உண்டு. அவர் நட்ட கல்லைப் பழித்தவரே தவிர இறைவனை மறுத்தவர் அல்லர். செனோபனீஸும் ஒரே பெருந்தெய்வம் உண்டு என்று நம்பியவர்தாம்.

மணிமேகலை கடைசியாகத் தொடுப்பது கூரிய கேள்வி: காட்சி ஒன்றே அளவை என்றால், உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? காதை அத்துடன் முடிகிறது. பூதவாதி என்ன சொன்னான் என்பதைச் சாத்தனார் எழுதவில்லை.