எல்லைக் கோடும் ஏதிலி மக்களும்

பள்ளிக்கூடத்திலே வரலாற்றுப் பாடம் நடத்துங்கால், சுவரிலே தேசப்படத்தைத் தொங்கவிட்டு, "இது இந்தியா, இது பாக்கிஸ்தான்" என்று பிரம்பினாற் சுட்டிக் காட்டுவது ஆசிரியர் வழக்கம். இரண்டிற்கும் இடையே ஓடுவது மெல்லியதொரு கோடு. மாணவன் அதனை ஒரு கணத்திற் கண்டு கொள்கிறான். தன் கொப்பியிலும் வரைந்து விடுகிறான். ஆனால், அக்கோடு பிறந்த 1947ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள், வீடு வாசலை விட்டு அதனைக் கடந்தோர் ஒரு கோடிக்கு மேற்பட்டவர் என்பதைத் தேசப்படம் அவனுக்குச் சொல்வதில்லை. அம்மக்களைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

1948ஆம் ஆண்டு யூன் மாதத்துக்குள் இந்தியாவை விட்டு நீங்குவதாகப் பிரித்தானிய அரசு 1947 பெப்ரவரியில் அறிவித்தது. ஆயினும், யூன் 3ஆம் நாள் பிரிவினைத் திட்டம் வெளியானபோது, அந்தத் தவணை ஓகஸ்ட் 15ஆம் நாளுக்கு முற்படுத்தப்பட்டது. இடையில் இருந்தவை 73 நாட்களே. அந்நாட்களுக்குள் படை பங்கிடப்பட்டது. புகையிரதப் பெட்டிகள் பங்கிடப்பட்டன. அரசாங்கக் கந்தோர்களிலிருந்த மேசை, கதிரை, தட்டச்சுப் பொறிகளும் எண்ணிப் பங்கிடப்பட்டன. கையிருப்புப் பணத்தில் நூற்றுக்குப் பதினேழரைப் பங்கு பாக்கிஸ்தானுக்கு உரியது என்று கணக்கிட்டனர். ஆனால், மக்கள் இடம் பெயர்வர் என்பதற்கு ஏற்ற கணக்கை எவரும் வகுக்கவில்லை. சிறுபான்மையோர் இருந்த இடத்திலேயே அச்சமின்றி வாழ்வர் என்பதே இரு பக்கத்துத் தலைவர்களின் எண்ணமாக இருந்தது. ஓகஸ்ட் 11ஆம் நாள் கராச்சியில், கோயிலுக்குச் செல்வோர் கோயிலுக்கும் மசூதிக்குச் செல்வோர் மசூதிக்கும் தடையின்றிச் செல்லலாம் என்று ஜின்னா உறுதி கூறினார். இந்தியத் தலைவர்களும் அவ்வாறே கூறினர். அவ்வுறுதிகளை நாம் பொய் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. எனினும், உறுதிமொழி வேறு, காவல் வேறு. 1946 ஓகஸ்டில் கல்கத்தாவிலும், 1947 மார்ச்சில் இராவல்பிண்டிப் பகுதியிலும் சிந்திய குருதி அந்த வேற்றுமையை முன்னரே உணர்த்தியிருந்தது.

எல்லையை வகுக்கும் பொறுப்பு சேர் சிரில் ராட்கிளிப் என்னும் ஆங்கிலேய வழக்கறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அதற்கு முன் இந்தியாவை மிதித்தறியாதவர். யூலை 8ஆம் நாள் வந்து சேர்ந்தார். பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிப்பதற்கு அவருக்குக் கிடைத்த காலம் ஐந்து வாரம். தீர்ப்பு சுதந்திர தினத்துக்கு முன்னரே முடிந்திருந்தும், ஓகஸ்ட் 17ஆம் நாளே வெளியிடப்பட்டது. ஆகவே, தாம் எந்த நாட்டுப் பிரசைகள் என்பதை அறியாமலே மக்கள் விடுதலை விழாக் கொண்டாடிய ஊர்களும் உண்டு. முர்சிதாபாத்திலே பாக்கிஸ்தான் கொடி பறந்தது. குல்னாவிலே இந்தியக் கொடி பறந்தது. இரண்டு நாள் கழித்து, முர்சிதாபாத் இந்தியாவுக்கும் குல்னா பாக்கிஸ்தானுக்கும் உரியன என்பது தெரிய வந்தது.

பஞ்சாபிலே நிலைமை கைகடந்து போயிற்று. பன்னிரண்டு மாவட்டங்களைக் காப்பதற்கென அமைக்கப்பட்ட எல்லைப் படை ஒரு மாத அளவிலே கலைக்கப்பட்டது. மேற்கிலிருந்து இந்துக்களும் சீக்கியரும், கிழக்கிலிருந்து முஸ்லிம்களும் புறப்பட்டனர். அகதிகளை ஏற்றிச் சென்ற புகையிரதங்கள் வழியில் மறிக்கப்பட்டுப் பிணங்களோடு போய்ச் சேர்ந்தன. மற்றையோர் மாட்டு வண்டிகளோடு கூட்டங் கூட்டமாக நடந்தனர். இவற்றைக் 'காபிலா' என்பர். லயால்பூர்ப் பகுதியிலிருந்து, அதாவது இன்றைய பைசலாபாத்திலிருந்து, புறப்பட்ட காபிலாவில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் இருந்தனர். செப்டெம்பர் இறுதியிற் பெய்த பெருமழையால் ஆறுகள் பெருகி, வழியிலே தங்கியிருந்தோர் பலரை வாரிச் சென்றன. இறந்தோர் தொகை இரண்டு இலட்சம் என்பாரும் உளர். பத்து இலட்சம் என்பாரும் உளர். இறந்தவரை எண்ணுதற்கும் ஆளில்லாத காலம் அது.

தப்பி வந்தோருக்கு இடம் எங்கே? குருசேத்திரத்துக் கூடார முகாமிலே மூன்று இலட்சம் பேர் அளவில் தங்கினர். லாகூரிலே வால்டன் முகாம் நிரம்பி வழிந்தது. டெல்லியிலே, தம் சொந்த நகரத்திலேயே அகதிகளான முஸ்லிம்கள் பழைய கோட்டையிலும் உமாயூன் கல்லறைத் தோட்டத்திலும் அடைக்கலம் புகுந்தனர். துன்பத்துக்கு மதம் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி, புனர்வாழ்வுப் பணியிலே நாம் கற்றற்குரிய ஒரு செய்தி உண்டு. இந்துக்களும் சீக்கியரும் மேற்குப் பஞ்சாபில் விட்டு வந்த நிலம் ஏறத்தாழ 67 இலட்சம் ஏக்கர். கிழக்கில் முஸ்லிம்கள் விட்டுச் சென்றது 47 இலட்சம் ஏக்கர். அதிலும், மேற்கில் இருந்தது கால்வாய் பாயும் வளநிலம்; கிழக்கிலோ மழையை நம்பிய நிலமே மிகுதி. தர்லோக் சிங் என்னும் அதிகாரி, நிலத்தின் பரப்பை மட்டும் நோக்காது விளைச்சலையும் நோக்கி, 'நியம ஏக்கர்' என்றோர் அளவை வகுத்தார். சிறு நிலக்காரருக்குக் குறைவாகவும் பெரு நிலக்காரருக்கு மிகுதியாகவும் கழித்து, எஞ்சியதைப் பங்கிட்டனர். உறுதிப் பத்திரம் இல்லாதவரின் உரிமையை எவ்வாறு அறிவது? ஒரே ஊரிலிருந்து வந்தோரை ஓரிடத்திற் கூட்டி, இன்னாருக்கு இவ்வளவு நிலம் இருந்ததா என்று அவர்கள் முன்னிலையிலேயே வினவினர். அயலவரின் வாய்மொழியே சாட்சியாயிற்று. ஊர் அழிந்தும் ஊரார் என்னும் உறவு அழியவில்லை.

ஆனால், நிலத்தை அளந்து கொடுத்தது போல எல்லாவற்றையும் கொடுத்துவிட முடியவில்லை. இரு நாடுகளிலும் கடத்தப்பட்ட பெண்கள் பல்லாயிரவர். அவர்களை மீட்பதற்கு 1947 டிசெம்பரில் இரு அரசுகளும் உடன்பட்டன. 1949இல் இந்தியா சட்டமும் இயற்றியது. மீட்கப்பட்டோர் சிலரை அவர்தம் குடும்பத்தார் ஏற்க மறுத்தனர். வேறு சிலர் புதிய இடத்திலே தாயராகி விட்டமையால், மீள மனமில்லாதிருந்தும் திருப்பி அனுப்பப்பட்டனர். எந்த நாட்டுக்கு உரியவள் என்று முடிவு செய்தவர்கள், அவளுடைய விருப்பத்தைக் கேட்க மறந்தனர்.

வங்காளத்தின் கதை வேறு. 1947 ஓகஸ்டிலே காந்தியடிகள் கல்கத்தாவில் சுகரவர்த்தியோடு ஒரே வீட்டிலே தங்கினார். செப்டெம்பர் முதலாம் நாள் தொடங்கி நான்காம் நாள்வரை உண்ணா நோன்பிருந்து கலகத்தைத் தணித்தார். பஞ்சாபிலே பெரும்படை செய்ய இயலாததை அங்கு ஒரு முதியவர் செய்தார். ஆயினும், அகதிகளின் வரவு அங்கே ஓயாத மழை போல நீடித்தது. 1950இல் மீண்டும் கலகம். அவ்வாண்டு ஏப்பிரலில் நேருவும் லியாகத் அலிகானும் சிறுபான்மையோர் பாதுகாப்புக்கு உடன்படிக்கை செய்தனர். கல்கத்தாவின் சீல்டா புகையிரத நிலைய மேடைகளிலே குடும்பங்கள் மாதக்கணக்கில் வாழ்ந்தன. 1958இல் தொடங்கிய தண்டகாரணியத் திட்டம், ஆற்றோரத்து மக்களைத் தொலைவிலுள்ள காட்டு நிலத்திலே குடியேற்ற முயன்றது.

நேயர்களே, நாடுகள் பிரிவது நன்றா தீதா என்பது அரசியலாளரின் வழக்கு. அதனை நான் இங்கே தீர்க்க முற்படவில்லை. கதிரைகளை எண்ணுதற்கு நேரம் கண்ட பேரறிஞர்கள், அச்சத்தால் ஓடும் ஏழைக்கு ஒரு பாதுகாப்பான பாதையை எண்ணுதற்கு நேரம் காணவில்லை என்பதே என் நெஞ்சை வருத்துகிறது. 73 நாளில் முடித்த பணியின் விளைவைச் சீர்செய்ய ஒரு தலைமுறையும் போதவில்லை. அடுத்த முறை உங்கள் பிள்ளைகள் தேசப்படத்திலே அக்கோட்டை வரையும்போது, அதன்மேல் நடந்து சென்ற கால்களையும் ஒருமுறை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.