கடைப் பணியாளர் விபத்து இழப்பீடு

கடைப் பணியாளர் விபத்து இழப்பீடு என்பது, கடைகளில் பணியின்போது பணியின் காரணமாகக் காயமுறுவோருக்குச் சட்டப்படி உரிய மருத்துவ உதவியும் பணப்பயனும் ஆகும். ஏணியிலிருந்து விழுதல், அடுக்கிய மூட்டைகள் சரிதல், மின்தூக்கியில் சிக்குதல், தீ ஆகியன இத்தகைய விபத்துகளுள் சில.

வரலாறு

முற்காலத்தில் காயமுற்ற தொழிலாளி, முதலாளியின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டியிருந்தது. 1918இல் வட சென்னை ஆலைத் தொழிலாளரிடையே மதராஸ் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1921 ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், முதலாளியின் தவற்றை நிறுவாமலே இழப்பீடு பெற வழிசெய்தது. 1948இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் (இ.எஸ்.ஐ.) சட்டம் இயற்றப்பட்டது. இவ்விரண்டுக்கும் மாற்றாக, சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

உரிமைகள்

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடை இ.எஸ்.ஐ. திட்டத்துக்கு உட்பட்டது. இதற்கான மாத ஊதிய உச்சவரம்பு 2017இல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. காப்பீடு பெற்றவர் தற்காலிகமாக வேலை செய்ய இயலாத காலத்தில் சராசரி நாள் ஊதியத்தில் 90 விழுக்காட்டைப் பெறுவார், மருத்துவமும் இலவசம். புளியந்தோப்புக்கு அருகில் அயனாவரத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உள்ளது.

காப்பீட்டில் சேராதோருக்கு முதலாளியே பொறுப்பு. தற்காலிக இயலாமைக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாத ஊதியத்தில் 25 விழுக்காடு, அதாவது ஏறத்தாழப் பாதி ஊதியம் மட்டுமே கிடைக்கும். மருத்துவச் செலவையும் முதலாளி ஈடுசெய்ய வேண்டும். நிரந்தர ஊனத்துக்கான தொகை ஊதியம், வயது, ஊனத்தின் அளவு ஆகியவற்றைப் பொறுத்தது.

ஒரே காயத்துக்கு இருவழியிலும் இழப்பீடு பெற இயலாது. ஆகவே, கடையில் பணிபுரிவோரின் எண்ணிக்கையைச் சரியாகப் பதிவு செய்வதும், விபத்தை உடனே பதிவேட்டில் எழுதச் செய்வதும் இன்றியமையாதன.