விளையாட்டுக்கும் வேலைக்கும் ஒரே கணினித் திரை: ஒரு வரலாறு

உயர்திறன் விளையாட்டுத் திரை என்பது படத்தை நொடிக்கு 144 முறை, 240 முறை என மிக விரைவாகப் புதுப்பிக்கும் வகையில் கணினி விளையாட்டுகளுக்காக உருவாக்கப்படும் மானிட்டர் ஆகும். பணித்திரை என்பது எழுத்தும் நிறமும் நாள் முழுவதும் தெளிவாகவும் சரியாகவும் தெரியும் வகையில் அமைக்கப்படும் மானிட்டர். நெடுங்காலம் தனித்தனிப் பொருள்களாக விற்கப்பட்ட இவ்விரண்டும் இப்போது ஒன்றாகி வருகின்றன. அவை பிரிந்ததும் மீண்டும் நெருங்கியதும் எப்படி என்பதையும், தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் போன்ற ஊரில் ஒரே திரையை இரண்டுக்கும் வாங்க நினைப்பவருக்கு அந்த வரலாறு எப்படி உதவும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. விளையாட்டுக்கான வேகம் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படுகிறது. எழுத்தின் தெளிவோ எங்கும் அச்சிடப்படுவதில்லை. தமிழில் படித்து எழுதுவோர் இரண்டாவதையே முதலில் சோதிக்க வேண்டும்.

ஒரே திரையில் தொடக்கம்

ஜெர்மன் இயற்பியலாளர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் 1897இல் எதிர்மின்கதிர்க் குழாயை உருவாக்கினார். அது முதலில் மின்னலைகளைக் கண்ணால் காண உதவும் ஆய்வுக் கருவியாகவே பயன்பட்டது. 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்போதம், அலைகாட்டி ஒன்றின் திரையில் இருவர் ஆடும் டென்னிஸ் விளையாட்டை அமைத்தார். ஆய்வகத்தைப் பார்க்க வந்த பொதுமக்கள் அதை ஆடினர். 1962இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிடிபி-1 கணினியின் வட்டத் திரையில் 'ஸ்பேஸ்வார்' விளையாட்டு உருவானது. பகலில் ஆய்வுக்கு உதவிய திரையே ஓய்வு நேரத்தில் விளையாட்டுக் களமானது. விளையாட்டுக்கு என்று தனித்திரை அப்போது இருக்கவில்லை.

1981: பிரிவு

ஐபிஎம் நிறுவனம் 1981இல் தன் தனிநபர் கணினியை வெளியிட்டபோது, வாங்குபவர் இரண்டு காட்சி அட்டைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எம்டிஏ என்ற ஒற்றைநிற அட்டை எழுத்தை மட்டுமே காட்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் 9 புள்ளி அகலமும் 14 புள்ளி உயரமும் கொண்ட கட்டத்தை அது ஒதுக்கியதால் எழுத்து தெளிவாக இருந்தது. சிஜிஏ என்ற வண்ண அட்டை படம் வரையும், விளையாட்டுக்கும் உதவும். ஆனால் அதில் எழுத்துக்குக் கிடைத்த கட்டம் 8க்கு 8 புள்ளிகள்தான். அலுவலகங்கள் முதலாவதை வாங்கின. விளையாட விரும்பியவர்கள் இரண்டாவதை வாங்கினர். வேலை, விளையாட்டு என்ற பிரிவு அட்டை வடிவிலேயே கடைக்கு வந்துவிட்டது.

இப்பிரிவுக்குப் பாலம் அமைத்தவர் தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல். தம் ஆய்வேட்டைத் தாய்லாந்து எழுத்தில் கணினியில் எழுத விரும்பிய அவருக்கு ஐபிஎம்மின் இரு அட்டைகளும் உதவவில்லை. ஒன்றில் ஆங்கில எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. மற்றொன்றில் எதுவும் தெளிவாக இல்லை. 1982இல் அவர் உருவாக்கிய ஹெர்குலிஸ் அட்டை 720க்கு 348 புள்ளிகளில் எழுத்தையும் படத்தையும் ஒரே ஒற்றைநிறத் திரையில் காட்டியது. ஆசிய எழுத்தொன்றின் தேவையிலிருந்து பிறந்த அந்த அட்டை பின்னர் உலகெங்கும் பரவியது.

தமிழ் எழுத்தும் படப்புள்ளியும்

தமிழுக்கும் அதே சிக்கல் இருந்தது. மூன்று சுழி ணகரத்தில் கோடும் இடைவெளியும் மாறி மாறி வருகின்றன. கோட்டுக்கு ஒரு புள்ளி, இடைவெளிக்கு ஒரு புள்ளி என்று எண்ணி, அடுத்த எழுத்துக்கு விட வேண்டிய இடத்தையும் சேர்த்தால் எட்டுப் புள்ளி அகலம் போதாது. மூன்று சுழியும் இரண்டு சுழியும் வேறுபாடின்றிக் கலங்கிவிடும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி மறைந்தாலோ சொல்லே மாறிவிடும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு போன்ற தொடக்ககாலத் தமிழ் மென்பொருள்கள் இத்தகைய திரைகளில்தான் தமிழைக் காட்ட வேண்டியிருந்தது. 1987இல் வந்த விஜிஏ முறை 640க்கு 480 புள்ளிகளைத் தந்தபோது இந்நெருக்கடி ஓரளவு தளர்ந்தது.

அடுத்த முன்னேற்றம் மென்பொருளில் ஏற்பட்டது. நீர்மப் படிகத் திரையில், அதாவது எல்சிடியில், ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று செங்குத்துப் பட்டைகளால் ஆனது. இம்மூன்றையும் தனித்தனியே இயக்கினால் கிடைமட்டத்தில் எழுத்தின் துல்லியம் கூடும். 1998இல் மைக்ரோசாப்ட் அறிவித்த கிளியர்டைப் முறை இதையே செய்தது. செங்குத்துக் கோடுகள் நெருங்கி நிற்கும் ண, ன, ஐ போன்ற எழுத்துகளுக்கு இது பெரிதும் உதவியது.

குழாயிலிருந்து படிகத்துக்கு

கண்ணாடிக் குழாய்த் திரைகளின் கடைசிக் காலத்தில் வேலையும் விளையாட்டும் மீண்டும் நெருங்கின. 1990களின் நடுவில் 'குவேக்' விளையாட்டை உருவாக்கிய ஜான் கார்மேக், 1920க்கு 1080 புள்ளிகளைக் காட்டும் 28 அங்குல இன்டர்கிராப் குழாய்த் திரையைப் பயன்படுத்தினார். அதன் எடை ஏறத்தாழ 45 கிலோ. சாதாரண வாங்குபவருக்கு அது எட்டாத பொருள்.

மெல்லிய எல்சிடி வந்ததும் பிளவு மறுபடி விரிந்தது. 2001இல் ஐபிஎம் வெளியிட்ட டி-220 என்ற 22.2 அங்குலத் திரை 3840க்கு 2400 புள்ளிகளைக் கொண்டிருந்தது. எழுத்து அச்சிட்டதுபோல் தெரிந்தது. ஆனால் படம் நொடிக்கு 50 முறைக்கும் குறைவாகவே மாறியதால் விளையாட்டுக்கு அது பொருந்தவில்லை. மறுபுறம் 2009இல் 120 ஹெர்ட்ஸ் விளையாட்டுத் திரைகள் கடைக்கு வந்தன. அவற்றின் டிஎன் வகைப் பலகைகள் வேகமானவை; ஆயினும் சற்றே சாய்ந்து பார்த்தால் நிறம் மாறிவிடும். கணினியின் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் புதுப்பிப்பை மாற்றிக்கொள்ளும் ஜி-சிங்க் முறையை 2013இல் என்விடியா அறிவித்தது. 2015இல் ஏசர் வெளியிட்ட எக்ஸ்பி270எச்யு, நிறம் மாறாத ஐபிஎஸ் பலகையையும் 144 ஹெர்ட்ஸ் வேகத்தையும் இணைத்தது. ஒரே திரை இரண்டுக்கும் உதவும் என்ற எண்ணம் நடைமுறைக்கு வந்தது அக்காலத்தில்தான்.

கம்பியின் கொள்ளளவு

2018இல் 27 அங்குலம், 4கே, 144 ஹெர்ட்ஸ் என்ற மூன்றும் சேர்ந்த திரைகளை ஏசுஸ், ஏசர் நிறுவனங்கள் விற்றன. இங்கே தடையாக நின்றது கம்பி. 3840க்கு 2160 புள்ளிகளை, புள்ளிக்கு 24 பிட் வீதம், நொடிக்கு 144 முறை அனுப்ப ஏறத்தாழ 28.7 கிகாபிட் தேவை. அன்றைய டிஸ்ப்ளேபோர்ட் 1.4 கம்பியில் படத்துக்குக் கிடைத்ததோ 25.92 கிகாபிட்தான். ஆகவே 120 ஹெர்ட்ஸுக்கு மேல் சென்றால் இரண்டு புள்ளிகளுக்கு ஒரு நிறத் தகவல் எனத் திரை சுருக்கிக்கொண்டது. விளையாட்டில் இதைக் கண்டுபிடிப்பது அரிது. ஆனால் வண்ண எழுத்துகளின் ஓரம் கலங்கியது. வேகத்துக்கான விலையை எழுத்து கொடுத்தது.

இழப்பு கண்ணுக்குத் தெரியாதபடி சுருக்கி அனுப்பும் டிஎஸ்சி முறையாலும், 48 கிகாபிட் வரை தாங்கும் எச்டிஎம்ஐ 2.1, அதற்கும் மேல் செல்லும் டிஸ்ப்ளேபோர்ட் 2.1 ஆகியவற்றாலும் இன்று இத்தடை பெரும்பாலும் நீங்கிவிட்டது.

ஓஎல்இடி தந்ததும் கேட்டதும்

ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும். நகரும் படம் இழுபடாது. 2022இல் வந்த ஏலியன்வேர் ஏடபிள்யூ3423டிடபிள்யூ என்ற 34 அங்குலத் திரை இவ்வகையைக் கணினி மேசைக்குப் பரவலாகக் கொண்டுவந்தது. ஆனால் அதன் புள்ளிகளில் சிவப்பு, பச்சை, நீலம் வரிசையாக நிற்காமல் முக்கோணமாக அமைந்திருந்தன. வரிசையான பட்டைகளை எதிர்பார்க்கும் கிளியர்டைப் அங்கே பொருந்தாததால் எழுத்தின் மேல் ஓரத்தில் பச்சையும் கீழ் ஓரத்தில் இளஞ்சிவப்பும் கசிந்தன. 2024இல் 32 அங்குல, 4கே, 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி திரைகள் வந்தபோது அங்குலத்துக்கு ஏறத்தாழ 140 புள்ளிகள் கிடைத்ததால் இக்கசிவு பெரிதும் அடங்கியது.

இரண்டு குறைகள் எஞ்சின. ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் திரையில் தங்கிவிடலாம்; விண்டோஸின் பணிப்பட்டை நாள் முழுவதும் நிற்கும் ஒன்று. அடுத்தது ஒளி. 1000 நிட் என்று விளம்பரப்படுத்தப்படும் திரை, அந்த ஒளியைத் திரையின் சிறு பகுதியில் மட்டுமே தரும். வெள்ளைப் பக்கம் முழுத்திரையில் விரிந்தால் பல திரைகளில் 250 நிட் அளவே கிடைக்கும். விளையாட்டில் வெடிப்பொளி சிறு பகுதி. வேலையில் வெள்ளைத்தாளே முழுத்திரை.

சங்கரன்கோவிலில் ஒரு திரை

சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசாலும் அறியப்படும் சங்கரன்கோவில், விசைத்தறிச் சேலை நெசவு நடக்கும் ஊர். 2019இல் உருவான தென்காசி மாவட்டத்தில் இது உள்ளது. இதே மாவட்டத்தின் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011இல் அலுவலகம் தொடங்கியபின், மென்பொருள் வேலை பெருநகரத்தில் மட்டுமே நடக்கும் என்ற எண்ணம் இப்பகுதியில் தளர்ந்தது. 2020 பெருந்தொற்றுக்குப்பின் வீட்டிலிருந்தே வேலை செய்வோரும் பெருகினர். சிறுநகர வீட்டில் மேசை ஒன்று, திரையும் ஒன்று. பகலில் நிரலோ, கணக்கோ, சேலைக் கரை வடிவமோ ஓடும் திரையில்தான் இரவில் விளையாட்டும் ஓடும். உயர்திறன் திரைகளைக் கடையில் ஓடவிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் இங்கு குறைவு. பல மாதச் சேமிப்பு, பெட்டியில் அச்சிட்ட எண்களை நம்பியே செலவாகிறது.

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றை இவ்வாறு வரிசைப்படுத்தலாம்.

முதலாவது, புள்ளி அடர்த்தி. 24 அங்குல, 1920க்கு 1080 திரையில் அங்குலத்துக்கு 92 புள்ளிகள். 27 அங்குல, 2560க்கு 1440 திரையில் 109. 27 அங்குல 4கே திரையில் 163. நாள் முழுவதும் தமிழ் படிப்பவருக்கு 109 கீழெல்லை. 140க்கு மேல் நல்லது.

இரண்டாவது, பலகை வகை. எட்டு மணி நேரம் அசையாத பக்கங்களைப் பார்ப்பவருக்கும், பகலொளி நிறைந்த அறையில் இருப்பவருக்கும் ஐபிஎஸ் பாதுகாப்பான தேர்வு. மாலையிலும் இரவிலும் விளையாட்டே மிகுதி என்றால் ஓஎல்இடி. அப்போது படத்தடத்துக்கு உத்தரவாதம் உண்டா, எத்தனை ஆண்டு என்று எழுத்தில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நிறம். விளையாட்டுத் திரைகள் நிறத்தை மிகையாகக் காட்டும் இயல்புடையவை. சேலையின் அரக்கு நிறம் திரையில் செக்கச்செவேலென்று தெரிந்தால் வடிவமைப்பவருக்கு இழப்பு. எஸ்ஆர்ஜிபி என்ற தனி நிலை உள்ள திரையில் வேலை நேரத்தில் அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

நான்காவது, வேகம். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிநொடி நிற்கும், 144இல் 6.9, 240இல் 4.2. முதல் தாவலில் கிடைப்பது சுமார் 10 மில்லிநொடி; அடுத்ததில் 3க்கும் குறைவு. காட்சி அட்டை அத்தனை படங்களைத் தராவிட்டால் கூடுதல் வேகத்துக்குக் கொடுத்த பணம் வீண். அப்பணத்தைப் புள்ளி அடர்த்திக்குக் கொடுப்பதே மேல்.

ஐந்தாவது, இணைப்பும் சேவையும். அலுவலக மடிக்கணினியையும் விளையாட்டுக் கணினியையும் ஒரே திரையில் இணைக்க, மின்னூட்டமும் தரும் யுஎஸ்பி-சி வாயில் உதவும். பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா, பெட்டி கட்டி அனுப்ப வேண்டுமா என்பதையும் வாங்குமுன் கேட்க வேண்டும். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகளுக்கு 28 விழுக்காடாக இருந்த சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடானதால், பெரிய திரைக்கு இருந்த கூடுதல் வரி நீங்கிவிட்டது.

திரை வந்ததும், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடியும் முன்பே, வழக்கமான அளவில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து 'அண்ணன்', 'மன்னன்', 'கண்ணாடி' ஆகிய சொற்களைப் பார்க்க வேண்டும். வழக்கமாக உட்காரும் தொலைவிலிருந்து மூன்று சுழியும் இரண்டு சுழியும் உற்றுப் பார்க்காமலே பிரிந்து தெரிந்தால் அது வேலைக்கு ஏற்ற திரை. விளையாட்டு அதில் நன்றாகவே ஓடும்.